கசக்காத மருந்து

இன்றைக்குக் காலையில் கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசந்தது. மகள் சுகந்தி மஞ்சள் மூடிப் போத்தலைச் சரித்து ஒரு சொட்டு விட்டாள். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் அமுக்க வேண்டும். மறந்துபோனேன். கண்ணில் விட்டது மூக்கால் இறங்கி, வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி அடிநாக்கில் வந்து நின்றது. கசந்த உடனே உன் ஞாபகம் வந்தது. அன்பாக வரவில்லை. கோபமாகத்தான் வந்தது.

உனக்கு இந்த மருந்து கசக்கவே இல்லை. ஒருநாள் நான் கேட்டேன், "எரியுமோ மச்சான்?" என்று. "எரியாது, கசக்காது, தண்ணி மாதிரி. நல்ல மருந்து" என்றாய். நானும் நல்ல மருந்துதான் என்று நம்பினேன். உனக்கு ஏன் கசக்கவில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லச் சுகந்தி எழுதுகிறாள். இதுவரைக்கும் எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டாள்.

"அப்பா, செத்த மனுசனோடை இப்பிடிச் சண்டை பிடிக்கலாமோ?"

"உயிரோடை இருக்கேக்கை பிடிச்சிருக்க வேணும். விட்டிட்டன். நீ எழுது."

கொழும்புப் புதுக்கடையில், நிலப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் நீ கிளாக்கராக இருந்தாய். வழக்கு நடக்கிற கோட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் என் தேத்தண்ணிக் கடை. முப்பது வருடத்துக்கு மேலான சிநேகிதத்தில் எனக்குக் கண் நீதான். மாநகரசபைக் கடிதம், வங்கிப் படிவம், சுகந்தியின் பள்ளிக்கூட அறிக்கை, கனடாவிலிருந்து தம்பி போட்ட கடிதம், எல்லாம் உன் வாயால் கேட்டதுதான். காணி உறுதிப் பத்திரம் ஒன்று கைக்கு வந்தால் நீ முதலில் தேடுவது காணியின் எல்லையை. ஆள் பெயரெல்லாம் பிறகுதான். "நாலு எல்லையையும் பார். நடுவை ஆரும் களவெடுக்கிறேல்லை. எல்லையாலைதான் காணி போறது" என்பாய். தேத்தண்ணி குடிக்க வந்தவனுக்கும் சொல்வாய், கேட்காதவனுக்கும் சொல்வாய். படித்தவன் சொல் என்று நானும் அதை மனத்தில் போட்டு வைத்தேன்.

நீ வேலையை விட்டாய், நான் கடையை மூடினேன். அதற்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனையில் கோவில் மண்டபத்து யோகா வகுப்புக்குப் போகத் தொடங்கினோம். ஞாயிறு விடியற்காலை வகுப்பு. வெள்ளவத்தையிலிருந்து சனி பின்னேரமே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவாய். உன் மனைவி செத்துப்போன பிறகு உனக்கு அந்த வீட்டில் தனியே இருக்கப் பிடிக்கவில்லை.

மாஸ்டர் நல்ல மனுசன். அதையும் இதில் எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் உன் செத்தவீட்டில் சிலபேர் அவரைத்தான் திட்டினார்கள். விளக்குப் பார்க்கும் பயிற்சியைத் தொடங்கிய அன்றைக்கே அவர் கேட்டார். "திராடகம் சொல்லித் தாறதுக்கு முதல் ஒண்டு கேக்கிறன். கண் வருத்தம், கண் பிரஷர், கண்ணிலை ஒப்பரேசன் செய்த ஆக்கள் இருந்தால் கையை உயத்துங்கோ. பயப்பிட ஒண்டுமில்லை. உங்கடை டொக்டரிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ, அதுக்கேத்த மாதிரிச் செய்வம்." உன் சேர்ட் பொக்கற்றில் மஞ்சள் மூடிப் போத்தல் இருந்தது. கண் பிரஷருக்கு ஆஸ்பத்திரியில் தந்தது. எனக்குத் தெரியும், காலையில் என் வீட்டுக் குசினி வாசலில் நின்றுதான் அதை விட்டாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ கையை உயர்த்தவில்லை. நேரே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்து கேட்டேன். "ஏன்ரா சொல்லேல்லை?"

"சொன்னால் பின்னுக்குக் கதிரை போட்டு இருத்திப்போடுவார். நான் என்ன கிழவனோ?"

அறுபத்தெட்டு வயது உனக்கு.

கை நீளத் தூரத்தில் விளக்கு, கண் மட்டத்தில் சுடர். சிமிட்டாமல் பார்க்க வேண்டும், கண்ணீர் வந்ததும் கண்ணை மூடி அந்தச் சுடரை உள்ளே பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. "ஏலாட்டில் சிமிட்டுங்கோ, இது ஓட்டப்பந்தயம் இல்லை" என்று மாஸ்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். பந்தயமாக்கியது நீ. நான் உன் இடது பக்கத்தில் இருப்பேன். நீ சுடரை விட்டுப் பார்வையை எடுக்காமலே கடைக்கண்ணால் என்னைப் பிடித்துவிடுவாய். "சிமிட்டிப்போட்டாய்!" என்று மெல்லச் சொல்வாய். மண்டபமே நிசப்தமாக இருக்கும், எனக்குச் சிரிப்பு வரும், மாஸ்டர் முறைப்பார். எனக்குச் சிமிட்டி என்றே பெயர் வைத்தாய். பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்க, "சிமிட்டி, இறங்கு, இடம் வந்திட்டுது" என்பாய். நான் ஒருநாளும் வென்றதில்லை. உன் கன்னம் இரண்டிலும் கண்ணீர் வழிந்து தாடையால் சொட்டும், நீ அசையமாட்டாய்.

அந்தக் கண்ணீர்தான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மருந்தை விட்ட கையோடு நீ விளக்குக்கு முன்னால் இருப்பாய். வெள்ளவத்தையிலும் காலை மாலை இரண்டு நேரமும் அப்படித்தான் என்று பெருமையாகச் சொல்வாய். அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாய். "மருந்து ஊத்தையை இளக்கும், விளக்கு கழுவி வெளியிலை விடும். இங்கிலீசு வைத்தியமும் எங்கடை வைத்தியமும் தோளிலை கை போட்டுக்கொண்டு போகுது, பார்." நான் தலையாட்டினேன். நான் தேத்தண்ணி ஊற்றினவன், நீ உறுதி எழுதினவன். வேறென்ன செய்வேன்?

பிறகு கண் கிளினிக். துணைக்கு நான் வந்தேன். முஸ்லிம் பிள்ளை ஒருத்தி டொக்டர், தமிழில் வடிவாகக் கதைப்பா. "பிரஷர் குறையல்லையே ஐயா. மருந்து ஒழுங்கா விடுறீங்களா?" என்று கேட்டா. "ரெண்டு நேரமும், டொக்டர்" என்றாய். அது பொய்யில்லை. "வேற ஏதும் கண்ணுக்குச் செய்யிறீங்களா? தேன், எண்ணெய், பயிற்சி, என்னவென்டாலும் பரவாயில்ல, சொல்லுங்க." நீ சொன்னாய், "ஒண்டுமில்லை." நான் வாயைத் திறந்தேன். கதிரைக்குக் கீழே உன் சப்பாத்து என் காலை மிதித்தது.

வாசலுக்கு வந்ததும் என் மேல் பாய்ந்தாய். "படிச்ச பிள்ளை அது. விளக்கைப் பாக்கிறன் எண்டால் சிரிக்கும். நீ வாயைத் திறக்காதை. எழுத்துத் தெரியாத உனக்கு இதுகளைப் பற்றி என்ன தெரியும்?"

முப்பது வருடத்தில் அதை நீ எனக்குச் சொன்னது அந்த ஒரு முறைதான். ஒரு முறை போதும். வாயை மூடினேன். அடுத்த கிளினிக்கில் மஞ்சள் மூடியோடு நீல மூடி சேர்ந்தது, அதற்கடுத்து செம்மஞ்சள் மூடி. மருந்து வேலை செய்யவில்லை என்று அந்தப் பிள்ளை தலையைப் பிய்த்துக்கொண்டா. ஒப்பரேசன் என்றா. நீ "பாப்பம்" என்றாய். ஒவ்வொரு முறையும் பாப்பம், பாப்பம். மாஸ்டர் கேட்டார், டொக்டர் கேட்டா. இரண்டு பேரும் ஒழுங்காகக் கேட்டார்கள். மருந்தை மாஸ்டருக்கு மறைத்தாய், விளக்கை டொக்டருக்கு மறைத்தாய். இரண்டையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான், என் வாயையும் நீ கட்டினாய்.

சுகந்தி கேட்கிறாள், "கோவம் அவரிலையோ, உங்களிலையோ?" என்று. முதலில் அவனில் முடியட்டும் என்றேன். எனக்கு இன்னும் நேரம் கிடக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சிமிட்டினேன், உன்னிடமிருந்து சத்தம் வரவில்லை. இன்னொரு முறை சிமிட்டினேன். இல்லை. வகுப்பு முடிந்து நீ என் முதுகில் தட்டி, "இண்டைக்கு ஒருக்காலும் சிமிட்டேல்லை, கெட்டிக்காரன்" என்றாய். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. அன்றைக்கு ஐந்தாறு முறை சிமிட்டியிருந்தேன். அடுத்த கிழமையும் பிடிபடவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று சந்தோசப்பட்டேனடா. பக்கத்தில் இருக்கிறவன் உன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டான் என்று என் மூளைக்கு ஓடவில்லை. உனக்கும் ஓடவில்லை. "சுடர் முந்தியைவிடத் துலக்கமாத் தெரியுது, எனக்குச் சுகம் வருது மச்சான்" என்றாய். சுடர் நடுவில் நின்றது. ஓரம்தான் முதலில் போகும், நடு கடைசிவரைக்கும் தெரியும், அப்படியான வருத்தம் இது.

காலி வீதியில்தான் எனக்கு விளங்கியது. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் நாம் நடந்து வந்தோம். வலது கைப்பக்கம் ஒரு செவ்விளநீர் வண்டி, மலை மாதிரி. நீ அதன் மூலையில் தோளோடு போய் மோதினாய். குலை சரிந்து றோட்டில் உருண்டது. கண் தெரியாதா என்று வண்டிக்காரன் சிங்களத்தில் கத்தினான். நீ அவனுக்கு மேலால் கத்தினாய். "வண்டியை எவன் இதுக்குள்ளை கொண்டந்து விட்டவன்?" நான் குனிந்து இளநீர் பொறுக்கினேன். பொறுக்கும்போது உன் பேச்சுத்தான் காதில் கேட்டது. நாலு எல்லையையும் பார். ஊர்க் காணிக்கெல்லாம் எல்லை பார்த்தவன், உன் கண்ணின் எல்லை நாலும் போய் நடுவில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சி நின்றதைப் பார்க்கவில்லை.

அந்தத் துண்டும் அடுத்த வருடம் போனது. கடைசியில் ஒப்பரேசனுக்குச் சம்மதித்தாய். போனது திரும்பாது என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டா.

அதன்பிறகு நாள்தோறும் நான் பேப்பர் வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவேன். நீ யன்னலடியில் இருப்பாய், கடல் பக்கத்து ரயில் சத்தம் கேட்டு நேரம் சொல்வாய். பேப்பரை உன் மடியில் விரிப்பேன். எழுத்துத் தெரியாதவன் ஒருவன், கண் தெரியாதவன் ஒருவன், நடுவில் பேப்பர். நான் படத்தைச் சொல்வேன். "ஒரு மொட்டைத் தலையன் மைக்குக்கு முன்னாலை கையை நீட்டிக்கொண்டு நிக்கிறான்." நீ ஊகிப்பாய். "அப்ப விலை ஏறப்போகுது." இரண்டு பேரும் சிரிப்போம். சிரித்துவிட்டு நான் பேப்பரை மடிப்பேன். ஏன் மறைத்தாய் என்ற கேள்வி என் வாய்க்குள் இருந்தது. குருடனோடு என்ன சண்டை என்று விழுங்கினேன். வந்தவர்கள் கண் என்னாச்சு என்று கேட்டால் "வயசு" என்பாய். ஒரு மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரைக்கும் வயசு என்றே சொன்னாய்.

இப்போது எனக்கும் அதே வருத்தம். அதே கிளினிக், அதே டொக்டர், கொஞ்சம் நரைத்துவிட்டா. என்னைக் கேள்வி கேட்க நான் விடவில்லை. கதிரையில் இருந்த உடனே, "டொக்டர், நான் விளக்குப் பாக்கிறனான்" என்றேன். அவ எழுதுவதை நிறுத்தினா. உன் கதை முழுவதையும் சொன்னேன். காலில் மிதித்ததையும் சொன்னேன். மருந்து உனக்குக் கசக்கவில்லை என்று நீ சொன்னதைச் சொல்லி, அது ஏன் என்று கேட்டேன்.

"மருந்து உள்ள போனாத்தானே ஐயா மூக்கால இறங்கிக் கசக்கும். விட்ட உடனே கண்ணீரா வழிஞ்சா கன்னத்தாலல்லவா போயிருக்கும். அது மட்டும்தான் காரணமென்டு என்னால சொல்ல ஏலாது. ஆனா சொல்லியிருந்தா நேரத்த மாத்திக் குடுத்திருப்பேன். மருந்து கேக்கல்ல என்டு மேல மேல மருந்து எழுதியிருக்க மாட்டேன்." பிறகு பேனையைப் பார்த்துக்கொண்டே கேட்டா, "அவர் ஏன் சொல்லல்ல?"

"நீங்கள் சிரிப்பியள் எண்டு பயந்தவன்."

"நான் சிரிச்சிருக்க மாட்டனே, ஐயா."

அதைக் கேட்டுத்தான் எனக்கு இந்தக் கோபம் வந்தது. இவ்வளவு காலமும் துக்கமாகத்தான் இருந்தது.

விளக்குப் பார்த்துப் பிரஷர் குறையாது, அந்த எண்ணத்தை விடுங்கள் என்று டொக்டர் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னா. மனதுக்கு நல்லதென்றால் செய்யலாம், ஆனால் மருந்து விட்டுக் கண்ணை மூடி மூலையை அமுக்கி, அரை மணித்தியாலம் கழித்துத்தான். சிமிட்ட வேண்டும், கண்ணை எரிய விடக்கூடாது. சூரியனைப் பார்க்கவே கூடாது, தலைகீழாக நிற்கவும் கூடாது. கிளினிக் நாளைத் தவற விடக்கூடாது. அப்படியே போய் மாஸ்டருக்கும் சொன்னேன். நீ பயந்த மாதிரியே பின்னுக்குக் கதிரை போட்டு என்னை இருத்தினார். இருந்தேன். கதிரை ஒன்றும் கடிக்கவில்லை.

வீட்டில், மருந்து விட்டு அரை மணித்தியாலம் போனதும் விளக்கை ஏற்றுகிறேன். உன் நீல மூடிப் போத்தல் ஒன்று, காலியானது, விளக்குக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறேன். சுடரை விட்டுப் பார்வையை எடுக்காமல் அது தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்தால் எல்லை இருக்கிறது. அதை நம்பிக் கிளினிக்கை விடுகிறதில்லை, உன்னை மாதிரி நான் இல்லை. இன்றைக்கும் தெரிந்தது. இன்றைக்கும் சிமிட்டினேன். பிடிக்க ஆளில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் நானே வாய்விட்டுச் சொல்கிறேன், சுகந்தி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்கிறேன்.

"சிமிட்டிப்போட்டன், மச்சான்."