பேட்டரி இல்லாதவர்கள் எழுதிய திருத்தம்

இன்று காலை ஆபீசில் பையைத் திறந்ததும் சூடான பிளாஸ்டிக் வாசனை. வீட்டில் மூடி வைத்த லேப்டாப் தூங்காமல், வழி முழுக்கப் பைக்குள்ளேயே கொதித்துக்கொண்டு வந்திருக்கிறது. தொட்டால் தோசைக்கல். பக்கத்து சீட்டுக்காரர் "வெடிச்சிடப் போவுது மேடம்" என்று நாற்காலியை நகர்த்திக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. செத்தும் விடமாட்டேன் என்கிறாயேடி.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு இருக்குமா? திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் நாம் இருவரும் வேலை பார்த்த சர்வீஸ் கடை. வெளிநாட்டு ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய லேப்டாப்புகள் ஹார்பரில் இறங்கி நம்மிடம் வரும். வந்ததும் முதல் வேலை, செத்த பேட்டரிகளைக் கழற்றிக் கோணியில் போட்டு எடைக்கு அனுப்புவது. அப்புறம் துடைத்து, சரிபார்த்து, பிளக்கில் மாட்டினால் ஓடுகிறது என்று விற்பது. பேட்டரியில் ஓடும் லேப்டாப்பை நாம் கண்ணால் பார்த்ததே இல்லை. அது ஒரு குறை என்றுகூட அப்போது தோன்றவில்லை.

அவற்றில் நாம் போட்டது, யார் வேண்டுமானாலும் பிழை திருத்தி அனுப்பலாம் என்கிற இலவச இயங்குதளம். அதில் ஒரு தொல்லை. லேப்டாப்பை மூடித் தூங்க வைத்துத் திரும்பத் திறந்தால் எல்லாம் எழுந்துகொள்ளும், நெட்வொர்க் கார்டு மட்டும் எழாது. கார்டை இயக்கும் டிரைவரில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தவள் நீ. வைத்தியம் சொன்னவள் நான். தூங்கும்போது கார்டுக்கு மின்சாரத்தை நிறுத்துவதால்தானே எழ மாட்டேன் என்கிறது, நிறுத்தாமலே விட்டால் என்ன என்றேன். இரண்டே வரி மாற்றினோம். கார்டு டக்கென்று எழுந்துவிட்டது!

நிரல் எழுதுகிறவர்களின் மெயில் குழுவுக்கு இருவர் பெயரையும் போட்டு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். அன்று கடை வாசலில் நீ போட்ட ஆட்டம் இருக்கிறதே! "நம்ம பேரு அமெரிக்கா வரிக்கும் கீதுமே!" என்று டீக்கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய்.

கொஞ்ச நாளில் திட்டு விழ ஆரம்பித்தது. மூடி வைத்துவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் பேட்டரி காலி, பைக்குள் வைத்தால் சூடு என்று எங்கெங்கிருந்தோ புகார். எல்லாவற்றுக்கும் காரணம் நம் இரண்டு வரி. கார்டு தூங்கவே இல்லை, உள்ளே உட்கார்ந்து பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. எப்போதும் பிளக்கிலேயே மாட்டி வைத்திருந்த நமக்கு அது எப்படித் தெரியும்? டிரைவருக்குப் பொறுப்பானவர் அத்தனை பேரும் படிக்கும்படி கேட்டார்: இதை பேட்டரியில் ஓட்டிப் பார்த்தீர்களா, இல்லையா? ஒழுங்காகத் திருத்தாவிட்டால் அந்த இரண்டு வரியையும் தூக்கிவிடுவேன் என்றும் எழுதியிருந்தார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பெரிய கம்பெனிகளுக்கு வேலை கேட்டு எழுதிக்கொண்டிருந்த நேரம். அவர்களும் அந்தக் குழுவைப் படிப்பார்கள் என்று பயம்.

"அவசரத்துல விட்டுப்போச்சுன்னு எழுதுடி" என்றேன்.

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "பேட்டரி இல்லன்னா இல்லன்னு சொல்றதுல இன்னாமே கேவலம்? திருடிகினா வந்தோம்?"

"மானம் போகுதுடி."

"யாரு மானம்? எண்ணூர்ல கரண்டு செய்றான், பக்கத்துல நாம கீறோம். அத ரொப்பி வெச்சிக்க நம்மகிட்ட ஒரு டப்பா இல்ல. அதுக்கு நாம ஏன் வெக்கப்படணும்?"

சொல்லிவிட்டு உனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்ட ஆரம்பித்தாய். எங்களிடம் பேட்டரி இல்லை. இங்கே வரும் லேப்டாப் எதிலும் நல்ல பேட்டரி இருக்காது. வைத்திருப்பவர் யாராவது சோதித்துச் சொன்னால் சரியாகத் திருத்தித் தருகிறோம். கீழே உன் பெயர், அதன் பக்கத்தில் என் பெயர்.

"என் பேர எடுத்துடு" என்றேன்.

சண்டை போடுவாய் என்று நினைத்தேன். நீயோ, "சரிமே" என்று ஒவ்வொரு எழுத்தாய் அழித்தாய். தப்பான வைத்தியம் சொன்னவள் நான், திட்டு வாங்க நின்றவள் நீ.

முகம் தெரியாத ஒருவர் உனக்காகத் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க முன்வந்தார். நீ அனுப்புவாய், அவர் பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று சொல்வார், நீ திருத்துவாய். கார்டின் அமைப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு மின்சாரத்தை நிறுத்தி, எழும்போது மறுபடி ஏற்றுவது என்ற சரியான வழிக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தாய். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் இருந்தேன். இருவர் பெயரும் இருந்த பழைய இரண்டு வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுத் திருத்தம் சேர்ந்தது, உன் பெயர் ஒன்றோடு. பேட்டரி இல்லையா என்று அந்தக் குழுவில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு வேலை கொடுத்த கம்பெனியில் அப்படி ஒரு குழு இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வந்த புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மஞ்சள் காமாலை முற்றி நீ போன அன்று எர்ணாவூர் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உறவுக்காரர்கள் நடுவில் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணுதான். ரெண்டு பேரும் சேந்து கம்ப்யூட்டர்ல இன்னாவோ செஞ்சாங்கோ, ஒலகம் பூரா போச்சு. எம் பொண்ணு பேருக்குப் பக்கத்துல இவ பேரும் கீதாம். சொல்லிகினே இருப்பா. கீதுல்ல கண்ணு?"

அழிக்கச் சொன்ன கதையை நீ வீட்டில் யாரிடமும் சொல்லவே இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருந்தாயா, இல்லை உன் கணக்கில் என் பெயர் அங்கேதான் இருந்ததா, தெரியவில்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"கீதும்மா" என்றேன்.

இப்போதும் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அம்மா அதையே கேட்கிறார். ஒவ்வொரு முறையும் கீதும்மா என்றுதான் சொல்லிவிட்டு வருகிறேன்.