ஆறு திருப்பிக் கொண்டுவந்த கட்டி

என் குட்டித்தம்பி,

ஆறு எங்கள் வளவுக்குள் வந்து நாலு நாளாகிறது. தண்ணீர் போய்விட்டது, பனிக்கட்டி போகவில்லை. அப்பிள் மரத்தடியில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. இடையிடையே எழும்பி ஓடி ஓடித்தான் இதை எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நீ கண்மூடிய முப்பத்தோராம் நாளன்று நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அன்று வீட்டுக்குப் பின்னால் ஆறு இறுகிக் கிடந்தது. உன் சாம்பலைக் கரைக்க அனுமதிக் கடிதம் வந்திருந்தது, கரைக்கத் தண்ணீர்தான் இல்லை. உருகும் வரை பொறுப்போம் என்று உன் அத்தான் சொன்னார். நான்தான் நாள் தவறக் கூடாது என்று அடம்பிடித்தேன். கடைசியில் பனிக்கட்டிக்கு மேலேயே உன்னைத் தூவி, பால் ஊற்றி, ஸ்ட்ரோம்மன் பூக்கடையில் வாங்கிய மஞ்சள் செவ்வந்தியையும் போட்டுவிட்டு வந்தோம். குளிர் போனதும் கட்டி உடைந்து கடலுக்குப் போகும், நீயும் போய்விடுவாய் என்று நினைத்தேன்.

நீயோ பனிக்கட்டியில் கால் வைக்கவே பயந்தவன். வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் வேலைக்குப் போகும் வழியில் சறுக்கி விழுந்து கையை முறித்தாயே, அன்றிலிருந்து சப்பாத்துக்கு அடியில் ஆணி வைத்த றப்பரை மாட்டாமல் வெளிக்கிட மாட்டாய். ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் அதேதான். லாடம் அடித்த குதிரை வருகுது என்று அத்தான் பகிடி பண்ணுவார்.

"லாடம் அடிச்ச குதிரைதான் அத்தான் வீடு வந்து சேரும்" என்பாய்.

அப்படிப்பட்ட உன்னை வெறும் கட்டியில் விட்டுவிட்டு வந்தேனே.

பிறகு காலமில்லாத காலத்தில் குளிர் விட்டது. இரண்டு நாள் மழை. புதன்கிழமை காலை நான் அரிசி கழுவிக்கொண்டு நிற்க, ஆற்றுப் பக்கம் ஒரு வெடிச் சத்தம். பிறகு இன்னொன்று. மகளையும் இழுத்துக்கொண்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன். ஊரைவிட்டு வந்து எத்தனை வருடம், குண்டு விழுந்த நாட்களை உடம்பு மறக்கவில்லை. பக்கத்து வீட்டு பெரித் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, படுக்க நேரமில்லை, மேட்டு றோட்டுக்கு ஓடுங்கள் என்று கத்தினார். பாலத்துக்குக் கீழே கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைத்துவிட்டதாம். ஆற்றுக்குப் போக வழியில்லையாம்.

நான் சப்பாத்து மாட்டி முடிக்கவில்லை, தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. றோட்டில் நின்று பார்த்தோம். கதவளவுக் கட்டிகள் வேலியை முறித்து, ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டு வீட்டை நோக்கி வந்தன. அந்த முனகல் இப்போதும் காதுக்குள் நிற்கிறது.

மத்தியானம் பெரிய மெஷின் ஒன்று வந்து பாலத்தடியை உடைத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியது. நிலக்கீழ் அறை முழுக்க நாசம். அதுக்கு நான் அழவில்லை. மறுநாள் வளவுக்குள் இறங்கினால், அப்பிள் மரத்தில் சாய்ந்து நிற்கிற கட்டிக்குள்ளே மஞ்சள் இதழ்கள்.

அத்தான் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மகள்தான், "பூ மட்டுந்தானம்மா வந்திருக்கு. மாமா எப்பவோ போயிட்டார்" என்றாள்.

நேற்றுக் கட்டிகளை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்ட லொறியும் மெஷினும் வந்தன. நான் போய் அந்தக் கட்டிக்கு முன்னால் நின்றேன். என் தம்பி இதுக்குள்ளே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை நொர்ஸ்க் பாஷையில் சொன்னேன். மெஷின்காரன் முகம் வெளிறிக் கீழே குதித்து ஓடிவந்தான், யாரோ உயிரோடு அகப்பட்டிருக்கிறார்கள் என்று. மகள் விளங்கப்படுத்தினாள். அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு மற்றதெல்லாம் அள்ளி, உன்னை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

இன்று திரும்பவும் குளிர் இறுகுகிறது. கட்டி ஒரு சொட்டும் உருகவில்லை. இன்னொரு தடவை பாலத்தடி அடைக்கலாம் என்கிறார் பெரித். எந்தச் சத்தம் கேட்டாலும் யன்னலுக்கு ஓடுகிறேன். ஆறு வந்து உன்னை இழுத்துக்கொண்டு போகுமோ என்று பயம். நீ போகாமல் இங்கேயே கிடப்பாயோ என்றும் பயம்.

கட்டிக்கு அடியில் பெரிய சோற்றுப் பானையை வைத்திருக்கிறேன். உருகுகிற அன்றைக்கு, இதழோடு வருகிற தண்ணீரை ஏந்தி, பஸ்ஸில் மடியில் வைத்து, ஒஸ்லோக் கடலுக்கு நானே கொண்டுபோவேன். உன் ஆணி றப்பரை மாட்டிக்கொண்டுதான் இறங்குவேன். விழமாட்டேன். இது சத்தியம்.

அதுவரைக்கும் எனக்கு ஒன்றைச் சொல்லு அப்பன். வழி அடைத்ததால் திரும்பி வந்தாயா, இல்லை, லாடம்கூட இல்லாமல் வீட்டைத் தேடி வந்தாயா?

உன் அக்கா