ரெண்டாவது கார்

என் உசிரான சேகர் அண்ணனுக்கு,

இதை இத்தனை நாளும் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. டிவி ரிப்பேர் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து மல்லிகாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். சொல்லட்டும். இனி யார் படித்தாலும் சரி, உனக்கு எழுதிவிடுகிறேன்.

நீ ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டப் போன பிறகு, நாம் சேர்ந்து ஆடிய கார் ரேஸ் டிவி கேம் அலமாரிக்குப் போய்விட்டது. ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாய்.

“ஏ புள்ள, இத கையில வச்சு ஆடுற மாதிரி பண்ணித் தாயேன். லோடு இறக்குறவரைக்கும் சும்மாதான ஒக்காந்திருக்கேன்.”

உள்ளே இருந்த போர்டைச் சுற்றிலும் அறுத்துச் சிறிதாக்கினேன். காரில் மாட்டும் சின்ன டிவியின் திரை, கல்யாண வீடியோ எடுப்பவர் கழித்துப்போட்ட கேமரா பேட்டரி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் பெட்டிக்குள் அடக்கினேன். ஒருவர் ஆடுவதற்குத்தான் இடம் இருந்தது. இரண்டாவது ஆளுக்கான ஒயர்களை வெட்டி எடுத்துவிட்டேன். திரையில் ரோடு தெரிந்ததும் நீ கத்தினாயே, “அடியே, நெசமாவே ஓடுதுடி!” என்று. கடையே திரும்பிப் பார்த்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பூத்திலிருந்து போன் பண்ணினாய். “ரெண்டு பேர் ஆட்டம் வச்சாலும் ஓடுது புள்ள. நீ என்னைய முந்திட்டுல்ல போற!”

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அந்த ஆட்டத்தில் இரண்டாவது கார் கிளம்பும் இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். அதை நகர்த்த அந்தப் பெட்டியில் பொத்தானே கிடையாது.

பிறகு ஒரு காலையில், கேரளச் சந்தையில் லோடு இறங்கிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். உன் துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்த கிளீனர் மாரிமுத்து, டிபன் பெட்டியைத் தனியாக எடுத்து நீட்டினார்.

“அண்ணன் கடைசியா இதத்தானுங்க கையில வச்சிருந்தாரு. யாருகூட ஆடறீங்கன்னு கேட்டனுங்க. தங்கச்சிகூடன்னு சொன்னாருங்க.”

என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிப் போய்விட்டார். நீ சாய்ந்த அந்தக் காலையில் நான் கடையில் யாருடைய டிவியையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் உன்னோடு ஆடியது யார் அண்ணே?

காரியம் முடிந்து ஒரு மத்தியானம் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பேர் ஆட்டம். என் கார் கிளம்பியது. பக்கத்தில் இருந்ததும் கிளம்பியது. நான் நின்றால் நின்றது. சட்டென்று பெட்டியை அணைத்துவிட்டேன்.

மறுநாள் கடையில் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெட்டிய ஒயர்கள் வெட்டியபடியே இருந்தன. எங்கேயும் எதுவும் ஒட்டவில்லை. சிப்புக்குள் ஏதோ கோளாறு என்று சொல்லிக்கொண்டேன். நம்பத்தான் முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னபோது பயந்துவிட்டாள். “அத வீட்டுல வைக்காதத்தா. வாசல்வரைக்கும் வந்தவன உள்ளயும் விடாம, போகவும் விடாம நிப்பாட்டி வச்ச மாதிரி இருக்கு. கொண்டுபோயிக் கண்மாயில போட்டுரு.”

பையில் எடுத்து வைத்துக் கிளம்பிவிட்டேன். செருப்பைப் போடும்போது கூப்பிட்டாள். “செத்த இரு. ஒரு வாட்டி பாத்துக்கிறேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக் காட்டினேன். ஒரு கார்தான் போக முடிகிற பாலம் வந்தது. இரண்டாவது கார் ஓரமாக ஒதுங்கி நின்றது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அம்மா கேட்டாள்: “யாருடி அது, ஒனக்கு வழி விடுறது?”

அவள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்மாய்ப் பேச்சு அதன் பிறகு வரவே இல்லை.

இப்போது என்னை வடமதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா வீட்டுக்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பெட்டியோடு உட்கார்ந்துவிடுகிறாள். ஓட்டத் தெரியாமல் ரோட்டை விட்டு இறங்கிவிடுவாள். அவள் ஏறி வரும்வரை அந்தக் கார் காத்திருக்கிறது. போன வாரம் அடுப்பில் பால் பொங்குகிறதென்று பெட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். யாரும் தொடாத அந்தப் பெட்டியில், நின்றுபோன அம்மாவின் காரை மற்றது மெதுவாகச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அண்ணே, உனக்குப் போக வேண்டிய இடம் ஏதும் இருக்கிறதா? நாங்கள்தான் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறோமா? இல்லை, அது நீயே இல்லையா?

எதுவானாலும் அம்மா இருக்கிறவரை பேட்டரி தீராமல் பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நானே என் கையால் அணைத்துவிடுவேன். அப்போது நின்று திரும்பிப் பார்க்காதே. அம்மாவைக் கூட்டிக்கொண்டு முன்னால் போ.

வழி விட்டு நிற்கும்
உன் தங்கச்சி மல்லிகா