மூன்றாவது காபி

அக்டோபர் 2
இன்று பதினொரு வீடு, பதினான்கு காபி. மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவள் காபி வேண்டாம் என்றால் வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிவிடும். வயிறு கடகடக்கிறது. போன கணக்கெடுப்பில் ஊர் இரண்டாயிரத்துக்கு மேல். இப்போது பாதி தேறாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், நான் இருக்கும் வெயில் கரையிலேயே நாற்பது வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் போஸ்னியாவை விட்டு ஆஸ்திரியாவுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள், வியன்னாவில், கிராஸில். திராட்சைக் கொடி மட்டும் காய்த்துத் தள்ளுகிறது.

கிராஸிலிருந்து ஸும்ரா அக்கா மறுபடி போன். "தனியா அங்க யாருக்குடி காவல் இருக்க? நவம்பர்ல வந்து சேரு." முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு வேலை பேசி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 5
பாலம் தாண்டி நிழல் கரை. மலை மறைப்பதால் குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம்தான் வெயில். மொத்தம் இருபத்திரண்டு பேர்.

கடைசி வீடு ஹைருதீனுடையது. தினமும் காலை ஏழுக்குப் பாலத்தடி அளவுக் கம்பத்தைப் பார்த்து நீர்மட்டம் குறிப்பவர். மனைவி இறந்து ஒன்பது வருடம். முதல் காபி வந்தது, வரவேற்க. இரண்டாவது வந்தது, பேச. மூன்றாவது வந்தால் கிளம்பு என்று அர்த்தம். எங்கள் போஸ்னியாக்காரர்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது வரவே இல்லை. ஆற்றிலிருந்து பனி எழுந்து சன்னல்வரை வந்தது. எதிர்க்கரை இல்லை, என் வீடும் இல்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? படிவத்தில் பெயரும் வயதும்தான் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 6
மறந்திருப்பார்.

அக்டோபர் 9
படிவத்தை முடிக்கப் போனேன். (வேறு எதற்காம்?) இந்த ஆறு வெயில் கரையை வருடத்துக்கு ஒரு சாண் அரிக்கிறதாம். "இன்னும் ஆயிரம் வருஷத்துல உங்க வீட்டுக்குப் பின்னால ஓடும், ரபியா. அப்ப நீங்களும் நிழல் கரைதான்."

"அவ்வளவு நாள் யாரு காத்திருப்பா?" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. காது சூடாகிவிட்டது. எழவும் முடியாமல், மூன்றாவது காபி எங்கே என்று கேட்டுத் தொலைத்தேன்.

"பொடி தீர்ந்துபோச்சு" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் டப்பா, மூடி திறந்து. விளிம்புவரை பொடி.

அக்டோபர் 15
கடைசி நாள். என் படிவம் மட்டும் பாக்கி. 'அடுத்த பன்னிரண்டு மாதம் இங்கேயே வசிக்கும் எண்ணம் உண்டா?' ஊர் முழுக்க அசராமல் கேட்ட கேள்வி. இப்போ பயமா இருக்கு. ஐம்பத்து மூணு வயசுல இதென்ன கூத்து? ஆனா அந்த டப்பா கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது.

உண்டு என்று எழுதினேன். அப்புறம் ஸும்ராவைக் கூப்பிட்டு, வரவில்லை என்றேன்.

"யாருடி அவரு?" என்றாள்.

டிசம்பர் 19
நிக்காஹ் முடிந்து பத்து நாள். காலை ஏழுக்கு நானும் பாலத்தடிக்குப் போனேன். அவர் படித்துச் சொல்ல நான் எழுதினேன்: எண்பத்தொரு சென்டிமீட்டர். ஆறு இருந்த இடத்திலேயேதான் ஓடுகிறது. எங்கள் சன்னலுக்கு வெயில் பதினொன்று பத்துக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விட்டது. நிழல் கரையில் இப்போது இருபத்து மூன்று பேர்.