சாயோவின் தாடையில் மறுபடியும் ஸ்க்ரூ

ஷிகேகி,

மதிய ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். சாயோ சோபாவில் தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம். பல் கம்பிக்குப் பிடிமானமாக அவள் தாடை எலும்பில் போட்ட ஸ்க்ரூ மறுபடியும் ஆடிவிட்டது. டாக்டர் காலையில் அதைக் கழற்றி, சற்றுத் தள்ளிப் புதிதாகப் போட்டிருக்கிறார். அடுப்பில் கஞ்சி இருக்கிறது. ஆறிய பிறகு கொடுங்கள். நாக்கால் ஸ்க்ரூவைத் தள்ளக் கூடாதாம்.

"எலும்பு கெட்டியாத்தான் இருக்கும்மா. ஈறு வீங்கல, ஸ்க்ரூ பல் வேருலயும் படல. தூக்கத்துல பல்லக் கடிக்கிறாளா? வீட்டுல வேற யாருக்காச்சும் அந்தப் பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவள் அண்ணன் ரிட்சுவுக்கு இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் அவர் போன் செய்வார். நீங்களே சொல்லிவிடுங்கள்.

கடிக்கிறாள், ஷிகேகி. நேற்று துணி மடிக்கும்போது கேட்டேன். ரிட்சுவின் அதே நறநறப்பு. ஓடிப்போய் அவன் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். கட்டில் காலி. சத்தம் சோபாவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவன் இறந்த பிறகு அந்த அறையைக் காலி செய்யலாம் என்று நீங்கள் சொன்னதற்குக் கத்தினேன். இப்போதும் சம்மதமில்லை. ஆனால் கத்தியிருக்க வேண்டாம்.

ஃபுமியே

மறந்துவிட்டேன்: கடிக்க ஆரம்பித்தால் வலது கன்னத்தில் கை வையுங்கள், நின்றுவிடும். இடது பக்கம் ஸ்க்ரூ, தொட வேண்டாம்.

நேற்று நான் கை வைத்தபோது கண்ணைத் திறக்காமலே "அண்ணனா?" என்றாள். நான் "ம்" என்றேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து வையுங்கள்.