பாலம் தாண்டிய பச்சைக் கிளை

மார்ச் 4

காலையில் ஐஸ் பெட்டியில் 117-ஆம் மாதிரி ஆய்வகத்துக்கு வந்தது. நாய்த் தலை. கையெழுத்துப் போடும்போது, "இடத்தைத் தப்பா எழுதியிருக்கீங்க" என்றேன். கொண்டுவந்த ஓட்டுநர் அசரவில்லை. "இல்லம்மா, ஆத்துக்கு இந்தப் பக்கம்தான். ஒரு தையல்காரர் கடை வாசல்ல படுத்துக் கிடந்த நாய். அவரையே கடிச்சிருச்சு. அன்னிக்கே ஊசி போட ஆரம்பிச்சுட்டாராம்."

இக்கரையில் நாலு வருடமாக ஒரு வெறிநாய்கூட இல்லை. ஆய்வகச் சுவரில் இருக்கும் வரைபடத்தில் நம் பக்கம் வெறும் வெள்ளை. அக்கரையில் மட்டும் பச்சைப் புள்ளிகள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நான்தான் விளையாட்டாக அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே முன்பு இருந்தது அந்த வைரஸின் வேறு கிளை, அதற்கு ஆரஞ்சு நிறம். நாய்களுக்கு ஊசி போட்டே அதை ஒழித்தோம். அதில் ஒன்று எங்கோ ஒளிந்திருந்திருக்கும்.

சாயங்காலம் மைக்ராஸ்கோப் சொல்லிவிட்டது. வெறிநோய்தான்.

மார்ச் 9

117 ஆரஞ்சு இல்லை. பச்சை.

இந்த வைரஸ் உடல் விட்டு உடல் தாவும்போது, தன் மரபணுவை நகல் எடுப்பதில் அவ்வப்போது ஓர் எழுத்தைக் கோட்டை விடுகிறது. அந்தப் பிழைகளை வைத்துத்தான் எது எதற்குச் சொந்தம் என்று நாங்கள் வம்சாவளி போடுகிறோம். 117-க்கு மிக நெருங்கிய சொந்தம் 98. டிசம்பர் கடைசியில் அக்கரைக் கிராமம் ஒன்றில் நானே போய் எடுத்து வந்த மாதிரி.

ஆய்வகத் தலைவர் மேடம் திரையைப் பார்த்துவிட்டு, "நாய் என்ன, டோல் கட்டிட்டுப் பாலம் ஏறி வந்துச்சா? எவனோ தூக்கிட்டு வந்திருக்கான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், திருடனுக்குத் தேள் கொட்டியது போல.

எவனோ இல்லை. நான்.

அதே கிராமத்திலிருந்து, அதே வண்டியில், பின் சீட்டில், பிஸ்கட் அட்டைப்பெட்டியில். பழுப்பு நிறக் குட்டி. அக்கா மகள் வாண்டு ஒரு வருடமாக நாய்க்குட்டி கேட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தி கொண்டுபோய்க் கொடுத்தாள், பெரிய வள்ளல்! அந்தத் தையல்கடையும் அக்கா தெருவில்தான்.

"ஊசி போடணுமாடி?" என்று அக்கா அன்றைக்கே கேட்டாள். என்ன சொன்னேன்? "மூணு மாசம் ஆகட்டும்க்கா. நம்ம பக்கம்தான் ஒண்ணும் இல்லையே." நோய் இருக்கும் இடத்துக் குட்டிக்கு வயது பார்க்காதே, உடனே போடு என்று பயிற்சி வகுப்பில் பாடம் எடுப்பது யார்? நான்தான். ஊருக்குத்தான் உபதேசம். குட்டி எங்கே போகிறது என்று பார்த்தேனே தவிர, எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அது செத்தது. சுருண்டு படுத்தே கிடந்ததாம், சாப்பிடவில்லையாம். அக்கா போன் செய்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். "குடல்புழுவா இருக்கும்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 10

ஒரு தடவை பார்த்த முடிவை நம்பக் கூடாது. சோதனையை மறுபடி ஓட்டுகிறேன்.

மார்ச் 11

காத்திருக்கிறேன். எதற்கு? 117 பச்சை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குட்டி வாண்டைக் கீறியதா என்று கேட்க ஒரு போன் போதும். மெஷின் ஓடுகிறது என்று எனக்கு நானே கதை விடுகிறேன். பயம். வெறும் பயம்.

மார்ச் 12

அதே முடிவு. மதியம் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அந்தக் குட்டி யாரையாவது கடிச்சுதாக்கா?"

"பால்பல்லுடி அது. கடிக்காம என்ன செய்யும்? வாண்டு கையெல்லாம் கோடு கோடா இருந்துச்சே. ரெண்டு தரம் வெளிய ஓடிப்போய்த் தையல்கடை நாயோட வேற மல்லுக்கட்டுச்சு. ஏன் கேக்கற?"

சொன்னேன்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாளா."

"மூணு நாளா." திரும்பச் சொன்னாள், கத்தவில்லை. கத்தியிருக்கலாம். வைத்துவிட்டாள்.

மார்ச் 13

அரசு மருத்துவமனை. அக்கா, அத்தான், வாண்டு, மூன்று பேருக்கும் முதல் ஊசி. "ரெண்டு மாசம் ஆனாலும் பரவாயில்ல. நோய் தலைகாட்டறதுக்கு முன்னால போட்டுட்டா தப்பிச்சுக்கலாம்" என்றார் மருத்துவர். தலைகாட்டிவிட்டால் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது, அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அக்கா டோக்கன் வாங்கப் போன நேரம், வாண்டிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னேன். குடித்தாள். தொண்டையையே பார்த்தேன். இறங்கியது. இன்னும் கொஞ்சம் குடி என்றேன். குடித்தாள். இன்னும் கொஞ்சம்.

"போதும் சித்தி, வயிறு ரொம்பிடுச்சு."

திரும்பி வந்த அக்கா கதவருகே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் எதைச் சோதித்தேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை ஏன் ஒன்பது வயதுக் குழந்தையைத் தேடிப் போக வேண்டும்?

மார்ச் 14

வாண்டுக்குக் காய்ச்சல்.

மார்ச் 15

விட்டுவிட்டது. ஊசிக் காய்ச்சல்தான். அத்தான் செய்தி அனுப்பினார். நேற்று முழுக்க நான் மனுஷியாகவே இல்லை.

மார்ச் 16

இரண்டாம் ஊசி முடிந்ததும் அவர்கள் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். கையுறை, முகக்கவசம், சின்ன மண்வெட்டி. துணி காயப்போடும் கம்பத்தடியை அக்கா விரலால் காட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். பழைய துண்டில் சுற்றிப் புதைத்திருந்தார்கள். அது வாண்டுடைய துண்டு. இத்தனை நாளில் மூளை கூழாகியிருந்தாலும் மரபணுச் சோதனைக்கு ஒரு துளி போதும். நூற்றுப்பதினேழு தலைகளைத் திறந்த கை இது. இந்த ஒன்றை மட்டும் மெதுவாகத் திறந்தேன்.

"கிடைச்சுதா?" என்றாள், திரும்பாமலே.

"ம்."

மார்ச் 24

98-இன் எழுத்துகளோடு ஒரே ஒரு பிழை கூடினால் குட்டி. அந்தப் பிழையோடு இன்னொன்றும் கூடினால் 117. அக்கரை, என் பெட்டி, தையல்கடை. மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றன.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனிதர்கள் வழியாக வந்திருக்கலாம்னு எழுதிடு. பொய் இல்லையே. உன்னை எதுக்கு இழுத்து நடுவுல போடற?"

பொய் இல்லைதான். அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம்.

மார்ச் 26

அப்படியே எழுதிப் பார்த்தேன். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதைப் படிக்கும் அதிகாரி என்ன செய்வார்? எந்த வீடு, எந்தத் தேதி, எந்தத் தெரு நாய்கள் என்று தெரியாமல் முகாமை எங்கே நடத்துவார்? நாலு வருடம் சுத்தமாக இருந்த இடம், ஒற்றை நாய் என்று கோப்பை மூடிவிடுவார். சாவதற்கு முன்னால் 117 இன்னும் எத்தனை நாய்களைக் கடித்திருக்கும்?

மார்ச் 27

திருத்தினேன். "ஆய்வகத்தின் வண்டியில், ஊசி போடாத குட்டியை இக்கரைக்குக் கொண்டுவந்தது இந்த அறிக்கையை எழுதும் நான்." கீழே தேதி, தெரு, வீட்டு எண்.

"வேலை போயிடும்மா."

"போகட்டும் மேடம்."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 3

வேலை போகவில்லை. விசாரணை உண்டு. அது முடியும்வரை வெளிவேலைக்குப் போகக் கூடாது, வண்டியைத் தொடக் கூடாது. இக்கரையில் நாய்களுக்கு ஊசி போடும் முகாமுக்கு உத்தரவு வந்துவிட்டது. முதல் தெரு அக்காவுடையது. 19-ஆம் தேதி.

தையல்காரரைப் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். நான்தான் காரணம் என்று சொன்னேன். வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு, "நல்ல நாய்ம்மா அது" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 10

வாண்டுக்குக் கடைசி ஊசி. அக்கா என்னோடு நேராகப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, "உங்க சித்தி குடையை மறந்துட்டுப் போறா, சொல்லு" என்றாள் வாண்டிடம். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

ஏப்ரல் 18

அக்காவிடமிருந்து போன்! ஒரு மாதத்துக்கு மேலாகிறது. என்ன ஆயிற்றோ என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"எங்க தெருவுல ஒரு நாய் குட்டி போட்டிருக்கு. அஞ்சு. நாளைக்கு முகாம்ல அதுங்களுக்கும் போடலாமான்னு—"

நான் வாயைத் திறந்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத. டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். போடலாமாம்."

"சரிக்கா."

பின்னால் வாண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"குட்டிங்களைப் பிடிக்கத்தான் ஆள் இல்ல" என்றாள். "உன்னை ஆபீஸ் வேலையாத்தானே வெளிய வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க? லீவு போட்டுட்டு ஏழு மணிக்கு வந்துடு. பஸ்லயே வா."

"வரேன்க்கா."

"சாப்பிட்டுட்டு வராத."