வைப்பீன் போட்டில் வலப்பக்கம்

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, ஜெய்சன் கூப்பிட்டான். அவன் வேலை செய்யும் கப்பல் வருகிற இருபத்திரண்டாம் தேதி கொச்சிக்கு, வல்லார்பாடத்துத் துறைமுகத்துக்கு வருகிறதாம். "நாலு மணிக்கூர் கரைக்கு இறங்கலாம்ணு நெனைக்கேன் அம்மா. வந்துருங்க."

வல்லார்பாடம்! எங்கெங்கோ சுற்றுகிற கப்பல், அவனை அடிமை வைத்த மாதாவின் பள்ளிக்கோயிலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கப்போகிறது. கைக்குழந்தையாக அவனை அந்த மாதாவுக்கு ஒப்புக்கொடுத்த அன்று நேர்ந்தேன் – வளர்ந்ததும் கூட்டி வந்து, உம்முடைய முற்றத்தை அவன் கையாலேயே விளக்குமாற்றால் அடிக்க வைப்பேன் என்று. வளர்ந்தான், கல்யாணமும் ஆனது. முற்றம் மட்டும் பாக்கி.

ஜெய்சனின் அப்பா முட்டியைத் தடவிக்கொண்டே, "நான் வரல்ல. வண்டியில அத்தன நேரம் இருந்தா, பொறவு நாலுபேரு சேந்துதான் என்ன இறக்கணும். நீயும் அந்தப் பிள்ளையும் போயிட்டு வாருங்க" என்றார்.

அந்தப் பிள்ளை என்பது அமிர்தா, ஜெய்சன் கட்டினவள். கள்ளிக்காட்டு இந்துக் குடும்பம். ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் அவன் கப்பலேறிவிட்டான். அன்றுமுதல் அவளும் நானும் ஒரே அடுக்களையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள்போல இருக்கிறோம். சண்டை கிடையாது. பேச்சும் அவ்வளவுதான்.

ஜனவரி 13

எப்படிப் போவது? நெய்யாற்றின்கரையில் ராத்திரி பஸ் ஏறினால் விடிய எறணாகுளம், அங்கிருந்து காயலைக் கடக்கப் படகு, போட்டு என்றேன். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தான் போனோம். அமிர்தா போனைப் பார்த்தபடி, "பாறசாலையில விடியக்காலம் பரசுராம் எக்ஸ்பிரஸ் உண்டு மாமி. எறணாகுளம் நார்த்து ஸ்டேஷன்ல இறங்கினா ஹைக்கோர்ட்டுக்கு ஆட்டோ. அங்கேருந்து பாலம் வழியா பஸ், பத்து நிமிஷம்" என்றாள்.

"அப்போ போட்டு?"

"பாலம் வந்து இருவது வருஷம் கழிஞ்சாச்சு."

சொன்னது சரிதான். ஆனால் பாலத்தில் போகிற கொச்சி எனக்குத் தெரியாத ஊர்.

எனக்குத் தெரிந்த கொச்சி தோப்பும்படியில் ஒரு அறை. ஒரு ஸ்டவ், ஒரு பாய். அவர் விசைப்படகில் போனால் பத்துப் பதினைந்து நாள் வரமாட்டார். நான் போட்டு வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போய் நிற்பேன். போட்டுகளில் எழுதியிருந்த ஊர்ப்பெயர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் மலையாளம் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டேன், ஒருவரும் சொல்லித் தரவில்லை. முதலில் வாசித்த சொல் 'வைப்பீன்', அக்கரைத் தீவின் பெயர். ஜெய்சனை அடிமை வைக்கப் போன அன்று நடுக்காயலில் மழை பிடித்தது. அவர் உடுத்திருந்த கைலிச் சாரத்தின் மேலே கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிள்ளைமேல் பிடித்தார். டீசல் மணமும் மழை மணமும் பிள்ளையின் பால்மணமும். இன்றும் எங்காவது டீசல் மணம் அடித்தால் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

ஜனவரி 16

நாலு மணிக்கூர். பள்ளிக்குப் போக, முற்றம் அடிக்க, மெழுகுதிரி கொளுத்த, சோறு தின்ன. கூட்டிப் பார்த்தால் மீதி அரை மணிக்கூர்கூட இல்லை.

இன்று சட்டி கழுவிக்கொண்டே அமிர்தா கேட்டாள்: "பள்ளியில ரொம்ப நேரம் ஆவுமா மாமி?" நேர்ச்சை காரியத்துக்கு நேரம் பார்க்க முடியுமா என்றேன். அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அவர் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "ஏ மேரிக்குட்டி, நாலையும் நீயே எடுத்தாச்சா? கடல்ல பங்கு வைக்கும்போ வலைக்குக்கூட ஒரு பங்கு உண்டு. கெட்டினவளுக்குக் கிடையாதா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பெத்தவ யாரு? நேந்தது யாரு? அவளுக்கு இனி ஆயுசு முழுக்கக் கெடக்கே!

செபமாலையில் மனம் நிற்கவில்லை.

ஜனவரி 21

அவனுக்குச் சாளைமீன் குழம்பு, புளிமுளம், தேங்காய் சேர்க்காமல் வைத்தேன், ஊசிப்போகாது. மரச்சீனிக் கிழங்கு அவித்தாயிற்று. ஆதார் அட்டை, குடிக்க வெள்ளம், மாற்றுச்சேலை, சில்லறை தனிப்பையில். அமிர்தா போனுக்குச் சார்ஜ் போட்டாள், எனக்கும் சேர்த்து.

ஜனவரி 22, எறணாகுளம்

இறங்க முடியாதாம். கப்பல் பிந்தி வந்து முந்திப் போகிறதாம். யாரையும் கரைக்கு விடவில்லை. மாதாவே, இவ்வளவு பக்கத்துல கொண்டு நிறுத்திட்டு – எதுக்காக்கும் இது?

ஜனவரி 23

வண்டியில் வரும்போது எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்று ஹைக்கோர்ட் பக்கம் ஒரு மரத்தடியில் தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்து இருந்துவிட்டேன். அமிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரிடமோ வழி கேட்டுவிட்டு வந்தாள்.

"மாமி, எழும்புங்க. போட்டுல போவோம்."

"எதுக்கு? பத்து நிமிஷம் பஸ்ஸுண்டே."

"பஸ்ஸில போனா துறைமுகத்து மதில்தான் காணும். வைப்பீன் போட்டு கப்பலுக்கு முன்னாலதான் போவுமாம்."

இப்போதைய போட்டு வேறே தினுசு. ஏசி, கண்ணாடி, டீசல் மணம் இல்லை. வலப்பக்கம் இருந்தோம். பாலத்தைத் தாண்டினதும் கப்பல் வந்தது. கப்பலா அது? பெட்டிமேல் பெட்டியாக ஒரு ஊர். கம்பியருகே ஆரஞ்சு உடுப்பில் நாலைந்து பேர், எல்லோரும் எறும்புபோல. பெற்ற பிள்ளை எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

அமிர்தா போனில் ஜெய்சனிடம் கத்தினாள்: "எதையாவது ஆட்டுங்க! எல்லாரும் ஒரே மாதிரி இருக்கீங்க!"

ஒரு எறும்பு உள்ளே ஓடிப்போய் வந்தது. நீலமாக ஒன்று விரிந்தது.

"மாமி! சாரம்! நம்ம வீட்டுச் சாரம்!"

அப்பன் துண்டை விரித்தான், மகன் சாரத்தை விரிக்கிறான். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன். போட்டுக்காரப் பையன் ஓடி வந்து, "அம்மச்சீ, இரிக்கணே" என்று உட்காரச் சொன்னான்.

வைப்பீனில் இறங்கி, மறுபடி டிக்கெட் எடுத்து அதே போட்டில் திரும்பினோம். இப்போது இடப்பக்கம். மறுபடி வைப்பீன். டிக்கெட் கொடுக்கிற பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்றாவது தடவை நான் சன்னல் சீட்டை அமிர்தாவுக்கு விட்டு, போனையும் அவள் கையில் கொடுத்து, எதிர்வரிசையில் போய் இருந்தேன். மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து மெதுவாகப் பேசினாள். என்ன பேசினாளோ, எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம். வலைக்குக்கூட ஒரு பங்கு உண்டு.

பிறகு பஸ்ஸில் பள்ளி. நேர்ந்தவன் கப்பலில், பதிலுக்கு ஆள் அடிக்கலாமா என்று அங்கிருந்த சிஸ்டரிடம் கேட்டேன். "அதினெந்தா", அதற்கென்ன என்று அவர் விளக்குமாற்றைக் கொடுத்தார். நான் ஒரு மூலையில் தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் அமிர்தா வேறொரு விளக்குமாறு எடுத்து எதிர்மூலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்க சாஸ்தா கோயில் முற்றம் நானும் அம்மையும்தான் அடிப்போம் மாமி."

நடுவில் குப்பை சேர்ந்த இடத்தில் இருவரும் நின்றோம். இந்த முற்றம் அடிப்பது யார் தொடங்கியது என்று கேட்டாள். பிள்ளையோடு காயலில் மூழ்கி, மூன்றாம் நாள் உயிரோடு கிடைத்தவளின் கதையைச் சொன்னேன். அவள் ஆயுசெல்லாம் இங்கே முற்றம் அடித்தாளாம்.

"அவ பேரு என்ன?"

"மீனாட்சியம்மா."

"மீனாட்சியம்மாவா?" என்றாள்.

எத்தனையோ பேருக்குச் சொன்ன கதை. அவள் வாயால் கேட்டபோதுதான் அந்தப் பெயர் எனக்கே காதில் விழுந்தது.

புளிமுளத்தை அவனுக்குப் பதிலாக நாங்களே தின்றோம். "காரம் கொஞ்சம் கூடுதலாக்கும்" என்றாள். இத்தனை மாதமும் சொல்லாமலே தின்றிருக்கிறாள்.

கணக்கு: ரயில், ஆட்டோ, பஸ், மெழுகுதிரி. போட்டு – எழுதவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 1

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா கொச்சிக்குப் போக வழி கேட்டு வந்தாள். மகளுக்குப் பிள்ளை பிறந்த நேர்ச்சையாம், வல்லார்பாடம் போக வேண்டும். பரசுராம், நார்த்தில் இறங்கணும், பாலம் வழியே பஸ், பத்து நிமிஷம் என்று சொன்னேன்.

அடுக்களையிலிருந்து அமிர்தா வந்தாள். "பஸ்ஸு வேண்டாம் அக்கா. முதல்ல வைப்பீன் போட்டுல ஒருக்கா போயிட்டு வாருங்க. போவும்போ வலப்பக்கம் இருக்கணும்."

"அங்க என்ன பிள்ளே காண உண்டு?"

அமிர்தா என்னைப் பார்த்தாள். "சொல்லு மக்ளே" என்றேன்.